அந்த எழுத்துக்குக் கால் எந்தப் பக்கம்?

நான் ஏறிய பேருந்து கள்ளக்குறிச்சிக்குள் போகாது என்பது தியாகதுருகம் வந்தபோதுதான் தெரிந்தது. கண்டக்டர் மேலே இருந்த என் பையை அவரே எடுத்து மடியில் வைத்து, "எறங்கிக்க தம்பி, இது பைபாஸ்ல போய்டும், டவுனுக்குள்ள போவாது" என்றார். டிக்கெட் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்றேன். நான் கேட்கவில்லையாம். அதுவும் நியாயம்தான்.

இறங்கிய இடத்தில் ஒரு குன்று, குன்றின்மேல் பழைய கோட்டை, சாலையோரம் டீக்கடை. தூத்துக்குடி உப்பளத்துக்கு நடுவில் வளர்ந்தவன் நான். எங்கள் பக்கம் உயரமான பொருள் என்றால் உப்புக் குவியல்தான். அண்ணாந்து கோட்டையைப் பார்த்துக்கொண்டே டீ சொன்னேன். "இன்னா, ஸ்ட்ராங்கா லைட்டா?" என்றார் கடைக்காரர். 'இன்னா' சென்னையில் மட்டும்தான் இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். எதற்காக வந்திருக்கிறேன் என்று விசாரித்தார். கண்நோய்க் கணக்கெடுப்புக்கு என்றேன். "ஆட்ட எண்ணினாங்க, மாட்ட எண்ணினாங்க. இப்ப கண்ண எண்ண வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவருடைய இரண்டு கண்ணையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் ஊர் எங்கள் குலுக்கலில் விழவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

குலுக்கல் என்றது விளையாட்டுக்கு இல்லை. மருத்துவமனைக்கு வருகிறவர்களை எண்ணிவிடலாம். வராதவர்கள் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் மாவட்டத்தில் சமவெளி, மலை எல்லாவற்றிலிருந்தும் சில ஊர்களைக் குலுக்கிப்போட்டு எடுத்து, அங்கே நாற்பது வயது தாண்டிய எல்லோரையும், கண் நன்றாக இருக்கிறவர்களையும் விடாமல், சோதிக்க வேண்டும். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, பீடி, புகையிலை, சாராயம் உண்டா, வெயிலில் வேலையா, விறகு அடுப்பா என்று கேட்க வேண்டும். பிறகுதான் யாருக்குக் கண் போகிறது, எதனால் போகிறது என்று கணக்குப் போட முடியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேலை கிடைத்ததும் இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். "சீக்கு இல்லாதவன எதுக்குல பாக்கிய?" என்று கேட்டார். சீக்கு இல்லாதவனைப் பார்த்தால்தான் சீக்கு வந்தவனுக்கு ஏன் வந்தது என்று தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் சம்பளம் ஒழுங்காக வருமா என்று மட்டும் கேட்டார்.

தியாகதுருகத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ. உள்ளே ஏற்கெனவே ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கும் இரண்டு கோழிகளும் உட்கார்ந்திருந்தன. பாதி வழியில் டயர் பஞ்சரானது. டிரைவர் சக்கரத்தைக் கழற்ற, கோழிக்குச் சொந்தக்காரர் கோழிகளை என் கையில் கொடுத்துவிட்டு உதவப் போனார். கள்ளக்குறிச்சிக்குள் நான் நுழைந்தது அப்படித்தான், பேண்ட்டில் கோழி எச்சத்தோடு.

அன்று ராத்திரி மெஸ்ஸில் பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊர்க்காரன் பரோட்டாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான், அதனால் ஒரே வரி: அதை எங்கள் ஊர்போல எண்ணெயில் பொரிக்கவில்லை. சால்னா நன்றாக இருந்தது. காரம் போதுமா என்று கேட்ட பரிமாறுகிறவர், போதாது என்றதும் உள்ளே திரும்பி, "தம்பிக்குக் காரம் கம்மியாம், ஜாஸ்தியா ஊத்து" என்றார். கம்மி, ஜாஸ்தி இரண்டும் இல்லாமல் இந்த ஊரில் எதையும் அளக்க மாட்டார்கள் என்று சீக்கிரமே புரிந்தது.

மறுநாள் நிவேதா வந்து சேர்ந்தாள். பார்வை அளக்கப் படித்தவள், சென்னைக்காரி. எல்லோரும் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட, முதலில் மறுத்துப் பார்த்துவிட்டு, பிறகு விட்டுவிட்டாள். அவள் அளப்பாள், நான் கேள்வி கேட்டு எழுதுவேன். நாங்கள் கொண்டுபோன அட்டையில் ஒரே ஒரு ஆங்கில எழுத்துதான், ஈ. படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஆகும் என்பதற்காக வைத்தது. மேலே பெரியதாக ஒன்று, கீழே போகப்போகச் சிறியதாக வரிசை வரிசையாக. அந்த எழுத்தின் மூன்று கால்களும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கால் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். ஒரு வரியில் நாலு எழுத்து இருந்தால் மூன்றையாவது சரியாகச் சொன்னால்தான் அந்த வரி தெரிகிறது என்று அர்த்தம்.

டவுனில் இது சுலபமாகப் போனது. கையை நீட்டிக் காட்டினார்கள், அல்லது ரைட், லெஃப்ட் என்றார்கள். ஒரு வளையல் கடைக்காரர் டிராஃபிக் போலீஸ்போலவே காட்டினார். கஷ்டமாக இருந்தது ஒரே ஒரு இடம். கள்ளச்சாராயத்தில் பலர் செத்துப்போன கருணாபுரத்தை ஒட்டிய தெரு ஒன்று எங்கள் குலுக்கலில் விழுந்திருந்தது. சாராயம் குடிக்கிற பழக்கம் வீட்டில் யாருக்காவது உண்டா என்ற கேள்விக்கு வந்ததும் அந்த வீட்டு அம்மா தரையைப் பார்த்தார். "அத மட்டும் எங்க தெருவுல கேக்காமப் போய்டுங்க தம்பி" என்றார். கேட்கவில்லை. வெளியே வந்து தெருமுனை தாண்டிய பிறகுதான் நிவேதா பேசினாள். அந்த மாதிரிச் சாராயம் கண் நரம்பைத்தான் முதலில் தின்னும், வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்றே இருக்கும் என்று சொன்னாள்.

பிறகு மலை. எங்களை ஏற்றிப்போக வந்தவர் சின்னையன் அண்ணன். ஐம்பதை நெருங்கும் வயது, காக்கிச் சட்டை, காதில் ஒரு பீடி. பின்பக்கம் திறந்த சின்ன லோடு வண்டி அவருடையது. வெள்ளிமலைக்கும் அப்பால் இருக்கிற அவருடைய ஊரில் வேறு வண்டி கிடையாது. ரேஷன் அரிசி, மரவள்ளி, கடுக்காய், பிரசவத்துக்குப் போகிற பெண், எல்லாம் அதில்தான் இறங்கும், ஏறும். அந்த ஊரே எங்கள் குலுக்கலில் விழுந்திருந்ததால் அவரையே வாடகைக்குப் பேசியிருந்தார்கள்.

கச்சிராயபாளையம் தாண்டி, அணையை ஒட்டிப் போய் வண்டி மேலே ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் நான் கம்பியைப் பிடித்தேன். அவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே பேசினார். மலையில் இருக்கிறவர்களை மலையாளிகள் என்பார்கள் என்றார். உடனே நான் கேரளாவிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். "மலைய ஆள்றவன் மலையாளி, தம்பி. நாங்க எங்கயும் போவல, எங்கேர்ந்தும் வரல." அதற்குப் பிறகு ஊர் போய்ச் சேரும்வரை, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி இந்தக் கதையைச் சொன்னார்.

ஊர் ஒரு சரிவில் இருந்தது. சாமைக் காடு, நடுவே வீடுகள், தெற்குப் பார்த்த ஓர் அங்கன்வாடி. தங்குவதற்கும் அதையே கொடுத்தார்கள். மதியத்துக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. சாமை தொண்டையில் நிற்கும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். நிற்கவில்லை, இரண்டு தடவை வாங்கினேன்.

சோதனையை மறுநாள் காலை அங்கன்வாடி வாசலிலேயே வைத்துக்கொண்டோம். முன்சுவரில் அட்டையை மாட்டி, அளந்து கோடு போட்டு, கோட்டில் ஒவ்வொருவராக நிற்க வைத்தோம். முதலில் வந்த பெரியவர் கையை நீட்டவே மாட்டேன் என்றார். மற்றவர்களும் அப்படியே. கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்து, "பரவால்ல, வாயாலயே சொல்லுங்க" என்றாள் நிவேதா. சொன்னார்கள். நான் எழுதினேன்.

மேலே இருக்கிற, கால் கீழே நீட்டிய ஒற்றைப் பெரிய எழுத்தை எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். அடுத்த வரியிலேயே தவறினார்கள். எல்லோரும். இரண்டு கண்ணிலும். மேலே என்ற இடத்தில் மேலே என்பார்கள், கீழே என்ற இடத்தில் கீழே என்பார்கள், பக்கவாட்டில் நீட்டியிருக்கிற கால்களுக்கும் மேலே, கீழே என்றுதான் சொன்னார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருத்தர் மட்டும் ரைட், லெஃப்ட் என்று கடைசி வரிவரை சொன்னார். நிவேதா டார்ச் அடித்து ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தாள். என் காதருகே வந்து, "புரை இல்ல முத்து. கண்ணு பளிச்சுன்னு இருக்கு. ஆனா பார்வை இல்ல" என்றாள். டவுன் தெருவில் அவள் சொன்னது இரண்டு பேருக்குமே ஞாபகம் வந்தது.

கடைசியாக வந்தவர் சின்னையன் அண்ணன். அவரும் இந்த ஊர்க்காரர், நாற்பது தாண்டியவர், விட முடியாது. சிரித்துக்கொண்டே வந்து நின்றார். அடுத்த வரிக்கு வந்ததும், "கீழாண்ட... மேலாண்ட... மேல... கீழ" என்றார். நாலில் இரண்டு தப்பு. இன்னொரு முறை கேட்டாள். அதையே சொன்னார். கண்ணை மாற்றினாள். அதையே சொன்னார்.

முந்தின நாள்தான் இந்த மனிதர் ஒரு கையால் எங்களை மலை ஏற்றிக் கொண்டுவந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஊருக்கு மேலே ஒரு பாறையில் ஏறினால்தான் ஃபோனில் சிக்னல் வரும். ஏறி, டவுனில் இருந்த எங்கள் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அந்த வண்டியில் இனி யாரும் ஏறக் கூடாது, வேறு வண்டி அனுப்புகிறேன், அவரிடமும் வண்டி எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடு, ஓர் உயிர் போனால் யார் பதில் சொல்வது என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. இறங்கி வந்து அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

சொன்னேன். சின்னையன் அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் பேசுவதற்குள் அவர் மனைவி மாரியம்மா அக்கா வந்துவிட்டார். நாங்கள் அதுவரை எவ்வளவு கூப்பிட்டும் சோதனைக்கு வராதவர், இப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கணவரின் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எங்க குடிச்ச?" என்றார்.

"நான் உட்டு எத்தினி வருசமாவுது, உனக்குத் தெரியாதா?"

"டவுனுல குடிச்சவங்களுக்குக் கண்ணு எப்படிப் போச்சுன்னு ஊரே பாத்துச்சு. எங்க குடிச்ச, அத மட்டும் சொல்லு."

"கோயில்ல வந்து சத்தியம் பண்ணட்டுமா?"

"கோயிலு எங்க கீதுன்னே உனக்குத் தெரியாதாமே இப்ப."

கூட்டத்தில் யாரோ, "ஏம்பா சின்னையா, இத்தினி நாளும் அந்த வண்டியே வழி தெரிஞ்சு போய்க்கினு இருந்துச்சா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அன்று காலை அதே வரியில் தவறியவர்கள். சின்னையன் அண்ணன் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வண்டி ஓடினால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். அதைவிட, குடிப்பதில்லை என்று மனைவிக்குக் கொடுத்த வாக்கு இப்போது ஊர் வாயில் கிடந்தது.

சாயங்காலம் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் சின்னையன் அண்ணன்தான், நடந்தே. தூக்குவாளியை வைத்துவிட்டு முகம் கொடுக்காமல் படியில் உட்கார்ந்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. பள்ளத்துக்கு அப்புறம் எதிர்மலைச் சாலையில் ஏதோ நகர்ந்தது. எனக்கு அது ஒரு புள்ளி. "கரியாலூர் ஜீப்பு" என்றார் அவர், யாரிடமும் இல்லாமல். "பின்கதவ கவுறு போட்டுக் கட்டிக்கினு வரான் பாரு. எப்ப சரி பண்ணப் போறானோ." அந்த ஜீப் சுற்றிக்கொண்டு நாங்கள் இருந்த ஊர் வழியாகத்தான் போனது. பின்கதவில் கயிறு கட்டியிருந்தது. அவர் போன பிறகு நிவேதாவிடம் சொன்னேன். சத்தத்தை வைத்துச் சொல்லியிருப்பார், பழகின வண்டி என்றாள். ஜீப்புக்குச் சத்தம் உண்டு, கயிற்றுக்கு ஏது சத்தம் என்றேன்.

காலையில் மழை. மலை மழை எங்கள் ஊர் மழைபோல் வந்துவிட்டுப் போவதில்லை, வந்து உட்கார்ந்துகொள்ளும். வாசலில் யாரையும் நிறுத்த முடியாது என்று பக்கத்துப் பள்ளிக்கூட அறைக்கு அட்டையைக் கொண்டுபோனோம். ஆணி இருந்த சுவரில் மாட்டினோம். முந்தின நாள் களைவெட்டப் போயிருந்த பச்சையம்மா என்பவர் முதலில் வந்து கோட்டில் நின்றார். கால் எந்தப் பக்கம் என்று கேட்டாள் நிவேதா.

"வடக்க" என்றார் பச்சையம்மா.

"என்னம்மா?"

"வடக்கப் பாத்துக்கினு கீதுங்க இந்தச் சீப்பு எழுத்து. இது தெக்க. இது மேல."

நிவேதா என்னைப் பார்த்தாள். நான் பேனாவை மூடினேன். எங்கள் வீட்டில் அம்மா பேசுவதெல்லாம் என் காதில் விழுந்தது. கொஞ்சம் கிழக்கே நகர்ந்து படு. சட்டியை மேற்கே தள்ளி வை. எங்கள் வீட்டில் இடது, வலது என்பது பள்ளிக்கூடம் போன என் ஒருவனோடு வந்த சமாச்சாரம். வந்த பிறகு நானும் பழையதை மறந்துவிட்டிருந்தேன்.

இந்தச் சுவர் எந்தத் திசை என்று பச்சையம்மாவிடம் கேட்டேன். கிழக்கு. நேற்று மாட்டிய அங்கன்வாடிச் சுவர்? வடக்கே பார்த்துத்தானே நிற்க வைத்தீர்கள் என்றார். வடக்கே பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் மேற்கு, வலக்கைப் பக்கம் கிழக்கு. மேற்குப் பக்கம் என்றால் இந்த ஊரில் மேலாண்ட. கிழக்குப் பக்கம் என்றால் கீழாண்ட. நாங்கள் இரண்டு பேரும் அதை மேலே என்றும் கீழே என்றும் கேட்டு, ஓர் ஊரையே குருடாக்கி எழுதிவைத்திருந்தோம். கிழக்குச் சுவரிலோ மேற்குச் சுவரிலோ மாட்டியிருந்தால் முதல் ஆளிலேயே தெரிந்திருக்கும்.

"இடது பக்கம்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள் நிவேதா, அழுகிற மாதிரி. பச்சையம்மா சங்கடப்பட்டார். "டாக்டரம்மா எதிர்ல பீச்சாங்கைப் பக்கம்னு எப்படிங்க சொல்றது? அந்தக் கைய நீட்டறதும் மரியாதை இல்லீங்களே."

மழையிலேயே ஓடினேன். சின்னையன் அண்ணன் வீட்டுக்குள் போர்த்திப் படுத்திருந்தார். விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னேன். எனக்கே புரியாத மாதிரித்தான் சொன்னேன். "இன்னொரு வாட்டி அசிங்கப்படணுமா?" என்றார் எழுந்திருக்காமல். வாசற்படியில் நின்ற மாரியம்மா அக்காதான், "போ. போய் நில்லு. நானும் வரேன்" என்றார்.

நான் திரும்பி வருவதற்குள் நிவேதா மருந்துப் பெட்டியின் அட்டையை வெட்டி, கையில் பிடிக்கிற மாதிரி ஒரு பெரிய ஈ செய்து வைத்திருந்தாள். வாயால் சொல்ல வேண்டாம், கை நீட்ட வேண்டாம், சுவரில் இருக்கிற மாதிரியே இதைத் திருப்பிப் பிடித்தால் போதும். சின்னையன் அண்ணன் பிடித்தார். முதல் வரி சரி. அடுத்தது சரி. ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் திருப்பித் திருப்பிக் கடைசி வரிவரை வந்துவிட்டார்.

"நேத்துலேர்ந்து மனப்பாடம் பண்ணிக்கினு இருப்பாரு" என்றார் மாரியம்மா அக்கா பின்னாலிருந்து.

நிவேதா அட்டையைக் கழற்றித் தலைகீழாக மாட்டினாள். மறு கண்ணை மூடச் சொன்னாள். அவர் இப்போது வேண்டுமென்றே நிதானமாகத் திருப்பினார். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, மனைவி பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டார். எல்லாம் முடிந்ததும், "ஓரமா ஒரு எறும்பு ஏறிக்கினு இருக்குது. அது எந்தப் பக்கம் போவுதுன்னும் சொல்லட்டுங்களா?" என்றார்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். எறும்பு இருந்தது.

நிவேதா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. மாரியம்மா அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, கணவர் கையில் கொடுக்காமல், அவர் பக்கத்தில் பெஞ்சில் வைத்தார். பிறகு நாங்கள் கூப்பிடாமலே போய்க் கோட்டில் நின்றார். "என்னுதையும் பாத்துடுங்க."

அவருக்கு வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. இடது கண்ணிலும் ஆரம்பம். ரொம்ப நாளாக மங்கலாகத்தான் தெரிகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். சொல்லியிருக்கலாமே என்றேன். கணவர் காதில் விழாத மாதிரிக் குரலை இறக்கினார்.

"இவரு வண்டில போறப்பல்லாம் எனக்கு ரோடே தெரியறதில்லீங்க. எனக்கே இப்படின்னா ஓட்றவருக்கும் இப்படித்தான இருக்கும்னு உள்ளுக்குள்ள ஒரு பயம். நேத்து நீங்க சொன்னதும் நம்பிட்டேன்."

சர்க்கரை உண்டா, விறகு அடுப்பா என்ற என் கேள்விகளுக்குப் போனேன். விறகு அடுப்புதான். அறுவை செய்தால் சரியாகிவிடும், சின்ன வேலை, அடுத்த நாளே பார்க்கலாம் என்று நிவேதா சொன்னாள். சின்னையன் அண்ணன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

மழை விட்டதும் பாறையில் ஏறி மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அட்டையில் ஈ வெட்டி எல்லாரையும் திரும்பப் பாருங்க என்றார். மற்ற குழுக்களுக்கும் சொல்லிவிடுவதாகச் சொன்னார். இன்று மட்டும் ஏன் மழை பெய்தது என்று அவர் கேட்கவில்லை. நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பெய்யாமல் இருந்தால் கல்வராயன் மலையில் ஓர் ஊரே பார்வை இழந்தது என்று கணக்கு போயிருக்கும். கணக்கு போன பிறகு காரணம் தேடியிருப்பார்கள். புகையா, சாராயமா, சாப்பாட்டில் சத்துக் குறைவா என்று. தேடினால் ஏதாவது ஒன்று கிடைக்காமலா போயிருக்கும்?

திரும்பப் பார்த்தோம். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. அட்டை எழுத்தைப் பிடித்துத் திருப்புவது ஊருக்கே ஒரு விளையாட்டாகிவிட்டது. சோதனைக்கு வயது வராதவர்களெல்லாம் வரிசையில் நின்றார்கள். எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரி சிலருக்குப் புரை இருந்தது, சிலருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. மற்றவர்கள் பார்வை என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அன்று மதியம் களியும் கீரையும். கூடவே சின்னையன் அண்ணன் எங்கிருந்தோ ஒரு பலாப்பழம் கொண்டுவந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அவரே பிரித்தார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். என்மீது கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். "உம்மேல எதுக்குக் கோவம்? நான் சொல்றது எதுவும் உனக்குப் புரியாதுன்னு முதல் நாளே தெரிஞ்சுபோச்சே, கேரளாக்காரரே" என்றார்.

கிளம்புகிற அன்று, அறுவைக்குப் போக வேண்டியவர்களை ஏற்றிக்கொள்ள மருத்துவமனை வேன் மேலே வந்தது. புது வேன், மெத்தை இருக்கை, ஏசி. மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். மாரியம்மா அக்கா மட்டும் பையோடு கீழேயே நின்றார். வேன் டிரைவர் ஏறச் சொன்னார்.

"நான் எங்க வூட்டுக்காரரு வண்டிலதான் வருவேன்" என்றார்.

"ஏம்மா, இது சொகுசா இருக்கும்மா."

"உங்க கண்ணு எப்படின்னு எனக்குத் தெரியாது. அவரோடத நான் பாத்துட்டேன்."

வேன் டிரைவர் நிவேதா பக்கம் திரும்பி, அப்படியானால் தன்னையும் சோதித்துவிடும்படி பாதி விளையாட்டாகவும் பாதி ரோஷமாகவும் சொன்னார். நிவேதா அவரைச் சமாதானப்படுத்தி வேனில் ஏறிக்கொண்டாள். நான் சின்னையன் அண்ணன் வண்டியில், பின்னால், மரவள்ளி மூட்டைகளுக்கு நடுவே. பின்கண்ணாடி வழியே தெரிந்த முன்னிருக்கையில் மாரியம்மா அக்கா. சின்னையன் அண்ணன் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. இன்னொரு முறையும் துடைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

வெயில் நன்றாக வந்திருந்தது. சாலை இறங்க ஆரம்பித்ததும் நான் பழக்கத்தில் கம்பியைப் பிடித்தேன். மாரியம்மா அக்கா எதையும் பிடிக்கவில்லை. பையை மடியில் வைத்து, அதன்மேல் கையை வைத்து, தலையை ஜன்னலில் சாய்த்துக்கொண்டார். முதல் வளைவு வருவதற்குள் தூங்கிவிட்டார்.

வளைவில் ஹாரன் அடிக்கக் கையைக் கொண்டுபோன சின்னையன் அண்ணன், பக்கத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டார். கீழே சாலை முழுவதையும் ஒரு தடவை பார்த்தார். எதிரே எந்த வண்டியும் வரவில்லை. சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பினார்.